மூன்றாம் நம்பர் டேபிளில் நின்ற நடுவர்

நடுவர் எங்கள் மூன்றாம் நம்பர் செக்கிங் டேபிளின் மேல் வந்து நின்றபோது டேபிளில் நூற்று நாற்பது மஞ்சள் பனியன்கள் விரித்துக் கிடந்தன, அவற்றில் பதினொன்றை அவர் பூட்ஸ் காலால் மிதித்துவிட்டார் என்பதுதான் எங்களுக்கு முதலில் உறைத்தது. ஆப்பிரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதர் திருப்பூரில் எப்படி வந்து நிற்க முடியும் என்கிற கேள்வி பிறகுதான் வந்தது, அதுவும் யாரும் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ஆப்பிரிக்கா முழுதுக்குமான கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதில் மோதிய இரண்டு நாட்டு ரசிகர்களுக்கும் பனியன் தைத்துக் கொடுத்தது எங்கள் கம்பெனிதான் என்பதால், சூப்பர்வைசர் ரங்கசாமி சாப்பாட்டு ஹால் டிவியைக் கழற்றிக்கொண்டு வந்து செக்கிங் ஹால் சுவரில் மாட்டியிருந்தார். அந்த நாடுகளின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்; பச்சை சாயம் விடாது, மஞ்சள் ஒரு தண்ணியிலேயே வெளுக்கும், எங்களுக்குத் தெரிந்த உலக விவகாரம் அவ்வளவுதான். பச்சைக்கு மோதிபோ, மஞ்சளுக்கு பக்காரி. இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகக் காதர்பேட்டையில் மிச்சப் பனியன் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவர்கள், எங்கள் கம்பெனிக்கு எதிர்வீட்டு மாடியில் ஒரே அறையில் இருப்பவர்கள், அன்றைக்கு ஆட்டம் பார்க்க எங்கள் ஹாலுக்கு வந்திருந்தார்கள். நாடு வேறு, பேச்சு ஒன்று. ஆற்றுக்கு இந்தக் கரை உனக்கு, அந்தக் கரை அவனுக்கு என்று எவனோ வெள்ளைக்காரன் பிரித்துவிட்டுப் போனானாம். எங்களோடு பழகிப் பழகி எங்கள் பேச்சும் அவர்களுக்கு வந்துவிட்டது.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. பச்சைக்காரன் ஒருவன் தலையால் முட்டிய பந்தை மஞ்சள் கோல்கீப்பர் குப்புற விழுந்து, கோட்டின் மேலிருந்தோ கோட்டுக்கு உள்ளேயிருந்தோ, வாரி வெளியே எறிந்தான். டிவி பார்த்த எங்களுக்குக் கம்பம் மறைத்துவிட்டது. நடுவர் மைதானத்து ஓரத்தில் இருந்த திரைக்குப் போனார், வேறு பக்கத்திலிருந்து எடுத்த படத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார், திரும்பினார், கோலா இல்லையா என்று சொல்வதற்கு வலது கையைத் தூக்கிக்கொண்டே மூன்று அடி வைத்தார். மூன்றாவது அடியை எங்கள் டேபிளில் வைத்தார்.

"அண்ணா, எறங்குங். மஞ்சத் துணில கறை புடிச்சா போவாது" என்றாள் என் பக்கத்து நாகரத்தினம்.

இறங்கினார். உயரமான மனுஷன், நாற்பத்தைந்து வயதிருக்கும், கறுப்புச் சட்டை முழுக்க வேர்வை. மோதிபோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். அந்த வார்த்தைக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. நடுவர் வாயைத் திறந்தார், காலடியில் சிமெண்டுத் தரையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"மைதானத்துல சொல்ல வேண்டியத மைதானத்துலதான் சொல்லோணுமாம். சட்டமாம்" என்று பக்காரி எங்களுக்குச் சொன்னான்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. அந்த கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த இரும்பு வேலியில் நசுங்கி நாற்பத்து மூன்று பேர் செத்துப்போனார்கள். நடுவர் காணாமல் போனதால் கூட்டம் பதறியது, பதறியதால் நெரிசல், ஆகவே குற்றம் நடுவருடையது என்று பச்சை அரசாங்கமும் மஞ்சள் அரசாங்கமும் ஒரே வாசகத்தில் அறிக்கை விட்டன. வேறு எதிலும் அவை ஒத்துப்போனதாக எனக்குத் தெரியாது. செத்தவர்களில் ஒருவன் மோதிபோவின் தம்பி சேக்கு, இருபது வயது, அவன் அன்றைக்குப் போட்டிருந்த பச்சைப் பனியன் எங்கள் டேபிளில் நான் பாஸ் பண்ணி அனுப்பியது. அதை நினைத்து நான் அழுதேன். என் மகனுக்கும் அதே வயது.

மோதிபோவின் அம்மா போனில் அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாளாம்: கோலா, இல்லையா? சேக்கு அந்த கோலுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் நின்றவன். கோல் என்றால் அவன் கண்ணால் பார்த்திருப்பான், பார்த்துச் சந்தோஷமாகக் கத்திக்கொண்டே போயிருப்பான். கோல் இல்லையென்றால் ஏங்கியபடியே செத்திருப்பான், ஏங்கிச் செத்தவன் வாசலை விட்டுப் போகமாட்டான், ராப்பகலாக வந்து நின்றுகொண்டிருப்பான். அதனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். எங்கள் ஊரிலும் இதைத்தான் சொல்வோம், அதனால் எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி விநோதமாகப் படவில்லை.

நடுவரைத் திருப்பி அனுப்பலாம் என்றால் அழைத்துக்கொள்ள ஆளில்லை. அவர் பார்த்த அந்தப் படம் அவரோடேயே போய்விட்டது, அந்த வீடியோவை ஓட்டினால் இப்போது வெறும் புல் மட்டும் தெரிகிறதாம். ஆகவே பச்சை நாட்டில் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள், மஞ்சள் நாட்டிலும் விட்டார்கள், ஜெயித்த இரண்டு நாடுகளும் தோற்கப் பயந்து அந்த மனுஷன் வாயைத் திறக்காத இடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டன. இங்கே இன்ஸ்பெக்டர் வந்து பாஸ்போர்ட் கேட்டார். நடுவர் பையிலிருந்து மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, விசில், ஒரு நாணயம் நான்கையும் எடுத்து வைத்தார். இன்ஸ்பெக்டர் நான்கையும் எழுதிக்கொண்டு, வந்த வழி என்கிற இடத்தில் 'டேபிள்' என்று போட்டு, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவரைப் பட்டினி போட முடியுமா? அரிசிம்பருப்புச் சோறு போட்டோம், நெய் விட்டோம், உண்டார். உண்டவரைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? ஊரான் குறையை உற்றுப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு பனியன் கம்பெனியில் ஒரே இடம்தான் உண்டு, அது செக்கிங். பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றுக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரே நாளில் கற்றுக்கொண்டார். நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் விடுகிற குறைக்கெல்லாம் அம்பு ஒட்டினார், ரங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு தெரு அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் லாரியில் யார் குடம் முதலில் என்ற சண்டைக்கு அவரைக் கூப்பிட்டார்கள், ஆட்டோ ஸ்டாண்டில் யார் முறை என்பதற்குக் கூப்பிட்டார்கள், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓரடி பின்னால் நின்று பார்த்து, விசில் ஊதி, கையை நீட்டி, தீர்ந்தது என்று திரும்பி வந்தார். நாகரத்தினத்தின் புருஷனுக்கு ஒருநாள் சிவப்பு அட்டை காட்டினார், அந்த ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு அவிநாசியில் அம்மா வீட்டுக்குப் போனவன் எட்டு நாள் கழித்துத்தான் வந்தான், வந்தவன் குடிக்கவில்லை. மாரியம்மன் கோவிலில் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறா பதினொரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்ததை நாணயத்தைச் சுண்டி ஒரே நொடியில் முடித்தார். இவ்வளவு நியாயம் தெரிந்த மனுஷன் ஒரு தாய்க்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

மத்தியானம் மோதிபோவும் பக்காரியும் தட்டோடு எங்கள் ஹாலுக்கு வந்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த கோல்தான். பந்தையே தொட்டறியாத பேக்கிங் ஆட்கள் பச்சை, மஞ்சள் என்று பிரிந்து இஞ்ச் டேப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள்.

"பந்து முழுசும் கோட்டத் தாண்டோணும்ங்க்ணா. ஒரு நூல் அகலம் கோட்டு மேல நின்னாலும் கோல் இல்லீங்" என்பான் பக்காரி.

"அதெப்படி, அரை இஞ்ச் முன்னப்பின்ன விடுவாங்கல்ல? பனியனுக்கே விடறோம்" என்பார் ரங்கசாமி.

"எங்களுக்கு எவனுங்க விட்டான்? எங்குளுது சின்ன நாடு. இவுங்க ஆளுக பூராவும் ஐரோப்பாவுல பெரிய கிளப்புல ஆடறவிங்க. ஆட்டம் முடிஞ்சா ரெஃபரிங்களே அவிங்ககூட நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. அப்பறம் எப்படீங் அவிங்களுக்கு எதுரா ஊதுவாங்க?"

"அப்ப போன கோப்பைல ஆஃப்சைடுல கோல் போட்டு அடுத்த சுத்துக்குப் போனது ஆரு, எங்கம்மாளா?" என்பான் மோதிபோ.

முதல் சில நாட்கள் பக்காரி மோதிபோவிடம் மட்டும் வாதாடாமல் இருந்தான், தம்பியைப் பறிகொடுத்தவனிடம் என்ன பேசுவது என்று. மோதிபோதான் சட்டையைப் பிடித்துவிட்டான். "நீ எனக்காவ உட்டுக் குடுக்காதடா. நீ உட்டுக்குடுத்த கோலு எனக்கு வேண்டாம்" என்றான். அதிலிருந்து பக்காரி ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் மோதிபோவின் அம்மா போன் செய்வாள், பக்காரியிடம் கொடு என்பாள், அது கோல்தான் என்று அவனை வைவாள், இவன் பணிவாக, இல்லை அம்மா, கோல் இல்லை என்பான். அவள் வைததற்குக் கோபித்துக்கொள்ளாமல் போனைத் திருப்பித் தருவான்.

போனை வைத்ததும் மோதிபோ தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் நடுவருக்கு எதிரில் உட்காருவான். கோலா? மைதானத்தில் சொல்கிறேன். கோலா? மைதானத்தில் சொல்கிறேன். ஒருநாள் சேக்குவின் போட்டோவை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினான், நடுவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அம்பு ஒட்டத் தொடங்கினார். சட்டம் பாதி, பயம் பாதி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, எதற்குப் பயம் என்றுதான் தெரியவில்லை.

ஊரில் இருக்கிற மைதானத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாவற்றிலும் நடுவில் கிரிக்கெட் பிட்ச். புல் இல்லை, கம்பம் இல்லை, கோடு இல்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். அந்த வாரம்தான் மோதிபோவின் அம்மா படுத்தாள். சோறு இறங்கவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள், பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள்.

"மைதானந்தான அம்மிணி வேணும்? தெச்சுப்போடலாம்" என்றாள் நாகரத்தினம்.

தைத்தோம். ரிஜெக்ட் ஆன பச்சை இன்டர்லாக் துணி குடோன் நிறையக் கிடந்தது. ஓவர்லாக் மிஷினில் துண்டு துண்டாக இணைத்தோம், டீ நேரத்தில் தைத்தோம், ஷிஃப்ட்டுக்கு முன்னால் வந்து தைத்தோம், நூற்றைந்து மீட்டர் நீளம், அறுபத்தெட்டு மீட்டர் அகலம், வெள்ளை ரிப் துணியில் கோடுகள், இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பில் கோல். பக்கத்துக் கம்பெனிப் பெண்களும் வந்தார்கள், தெரிந்தவள் தெரியாதவள் எல்லாம் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தார்கள். ஆறாம் நாள் நொய்யல் கரையில் காலி நிலத்தில் விரித்தோம், அன்று மத்தியானம் மழை கொட்டியது, காய்ந்ததும் நடுவர் வந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அடி போட்டு அளந்தார், நான்கு அடி குறைகிறது என்று விரலைக் காட்டினார்.

துவைக்காத துணியில் அளவெடுத்து வெட்டிவிட்டோம். நனைந்தால் துணி சுருங்கும் என்பது திருப்பூரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு பீஸிலும் சுருக்கத்துக்கு விட்டுத் தைத்த கைகள் அவசரத்தில் அதை மறந்துவிட்டன. பிரித்து, துவைத்த துணியில் பட்டை வெட்டி, சேர்த்துத் தைத்து, கோட்டை மாற்றிப்போட மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் மோதிபோ முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் ஊரே கரையில் நின்றது. நடுவர் கறுப்புச் சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். மறுபடி அளந்தார், சரி என்றார். ஓரத்தில் திரை இருக்க வேண்டிய இடத்தில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார், திரும்பினார், வலது கையைத் தூக்கினார், ஓரடி வைத்தார், இரண்டாம் அடி வைத்தார், மூன்றாம் அடியை எங்கள் துணியின் மேல் வைத்தார், விசிலை ஊதி, நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

கோல்.

பேக்கிங் பச்சைக்காரர்கள் துணியில் விழுந்து புரண்டார்கள். மஞ்சள்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள், கோல்கீப்பரைத் தள்ளினானே அது ஃபவுல் இல்லையா, ஆஃப்சைடைப் பார்த்தீர்களா, அரை இஞ்சா முக்கால் இஞ்சா, ஏமாற்று, அநியாயம். ரங்கசாமி யாரையோ அடித்துவிட்டார். நடுவர் அந்தக் கூட்டத்தை இரண்டு கையால் விலக்கிக்கொண்டு மோதிபோவிடம் வந்தார். அவன் பக்கத்தில் பக்காரியும் நானும் நின்றோம். நடுவர் பேசினார், பக்காரி எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான், சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"மொதத் தடவை பாத்தப்பவே பந்து உள்ளங்கறது தெரிஞ்சுபோச்சாம். ஆனா வலைக்குப் பின்னால வேலி தெரிஞ்சுதாம். பந்து இன்னும் காத்துலதான் இருக்குது, அதுக்குள்ளயே அங்க சனம் ஒருத்தர்மேல ஒருத்தர் விழுந்துட்டு இருந்துதாம். இவரு காணாமப் போனதுனால இல்ல. அதுக்கு முன்னாலயே. பின்னால எவனோ கதவப் பூட்டிட்டானாம். இவரு காதுல மாட்டியிருந்த ஹெட்போன்ல பந்தப் பாரு, பந்த மட்டும் பாருன்னு சொல்லிட்டு இருந்தாங்களாம். அதனால ரெண்டாந் தடவை ஓட்டச் சொன்னாராம். மூணாந் தடவை. நாலாந் தடவை. நாலு தடவையும் அவிங்க சாவறதப் பாத்தாராம். நாலு தடவையும் பந்தத்தான் பாக்கறேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாராம்."

"சேக்கு?" என்றான் மோதிபோ.

நடுவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பக்காரி மோதிபோவைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"சேக்கு மைதானத்துக்கு முதுகக் காட்டிட்டு நின்னானாம்க்கா. கீழ விழுந்த ஆரையோ புடிச்சு இழுத்துட்டு இருந்தானாம். கோல் உளுந்தப்ப அவன் பாக்கல."

எங்கள் பின்னால் ஆஃப்சைடுக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நடுவரை அறைய வேண்டும்போல் இருந்தது, அழைத்துப்போய் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் நின்றேன். மோதிபோ கையில் போன் முழு நேரமும் திறந்தே இருந்தது, அந்தப் பக்கத்தில் அவன் அம்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நடுவர் சொன்னது அவ்வளவு தூரம் போயிருக்காது. அவன் போனைக் காதில் வைத்தான். கோல் என்றான். அவள் ஏதோ கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னான். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து எங்களைப் பார்த்தான்.

"பாத்தானான்னு கேட்டா. பாத்தான்னு சொன்னேன். நம்ப மாட்டேங்கறா. நீ மகன், எனக்காவ பொய் சொல்லுவ, பக்காரிகிட்டக் குடுன்னு சொல்றா. அவன் மஞ்சள். நம்மளுக்குச் சாதகமா ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், அவன் சொன்னா நம்பறேங்கறா."

பக்காரி பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான். பேச ஆரம்பித்தான், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அவன் என்ன சொன்னான் என்பதை மோதிபோ எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்காரி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி, அந்த வெயிலில், கோல் பார்த்த இருபது வயதுப் பையனாகக் குதித்துக் காட்டினான், போனில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும் குதித்தான், அவள் போதும் என்று சொல்கிறவரை குதித்துக்கொண்டே இருந்தான்.